யோயாக்கீனுக்கு எட்டா, பதினெட்டா?

ஒரே ஒரு மதிப்பெண்ணில் என் பேத்திக்கு முதல் பரிசு போய்விட்டது. வேதாகம வினாடிவினா. இந்த வருஷப் பகுதி பழைய ஏற்பாட்டின் இரண்டாம் இராஜாக்களும் இரண்டாம் நாளாகமமும். யூதா தேசத்தில் யோயாக்கீன் ராஜாவானபோது வயது என்ன என்று ஒரு கேள்வி. இவள் 8 என்று எழுதியிருக்கிறாள். அதன்மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 18 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மூஞ்சிக்கல்லிலிருந்து மேடேறி வந்தவள் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை. வேதாகமத்தைத் தூக்கிக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தாள். "தாத்தா, இதைப் படிங்க." 2 நாளாகமம் 36:9. யோயாக்கீன் ராஜாவாகிறபோது எட்டு வயது என்று தெளிவாகத்தான் இருக்கிறது. "இப்ப இதைப் படிங்க." 2 இராஜாக்கள் 24:8. அங்கே பதினெட்டு வயது.

"ரெண்டும் பைபிள்தானே? நான் எழுதினது மட்டும் எப்படித் தப்பு?"

விடைத்தாள் திருத்திய தம்பியிடமும் இதைக் கேட்டிருக்கிறாள். "வேதத்துல பிழையே கிடையாது பாப்பா, நீ சரியாப் படிக்கல" என்றாராம் முதலில். இவள் இரண்டு வசனத்தையும் விரித்துக் காட்டியதும் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "இது நகல் எடுத்தவங்க பண்ணின எழுத்துப்பிழை" என்றாராம்.

"பிழையே இல்லன்னாரு. அப்புறம் எழுத்துப்பிழைன்னாரு. ஆனா மார்க் மட்டும் போடல."

பதின்மூன்று வயது. வக்கீலுக்குப் படிக்கவைக்கலாம் என்று அப்போதே முடிவுசெய்துவிட்டேன்.

எனக்குத் தொழில் பத்திரம் எழுதுவது. கொடைக்கானலில் முப்பத்தெட்டு வருஷமாக இதுதான் சோறு. வில்பட்டி, பள்ளங்கி, பூம்பாறை, மன்னவனூர் என்று இந்த மலையில் நிலம் கைமாறும்போதெல்லாம் எங்களைப்போல ஒருவன் நடுவில் உட்கார்ந்து எழுதியிருப்பான். பிழை என்றால் என்ன என்பதை வேதசாஸ்திரக் கல்லூரியில் படித்தவர்களைவிட நாங்கள் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தவர்கள் என்று நினைக்கிறேன். அந்தத் திமிரில்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு பத்திரத்தில் இரண்டு விதமாக இருந்தால் நாங்கள் முதலில் செய்வது மற்ற ஆவணங்களைப் புரட்டுவது. அதையே யோயாக்கீனுக்கும் செய்தேன். இவருக்கு எகொனியா என்றும் கோனியா என்றும் வேறு பெயர்கள் உண்டு. எங்கள் பாஷையில் யோயாக்கீன் என்கிற எகொனியா என்கிற கோனியா. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் இவரைச் சிறைபிடித்தது கி.மு. 597இல். பாபிலோனுக்குக் கொண்டுபோனவர்களின் பட்டியல் 2 இராஜாக்கள் 24:15இல் இருக்கிறது: ராஜாவின் தாய், ராஜாவின் ஸ்திரீகள். எட்டு வயதுப் பையனுக்கு ஸ்திரீகள் எங்கிருந்து வருவார்கள்? நாளாகமத்தின் அதே வசனம், அவன் கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாப்பானதைச் செய்தான் என்கிறது. "எட்டு வயசுப் பையன் மூணு மாசத்துல அப்படி என்ன தாத்தா பொல்லாப்பு செஞ்சிருப்பான்?" என்று பேத்தியே கேட்டாள்.

வெளியிலிருந்தும் ஒரு சாட்சி இருக்கிறது. பாபிலோனின் அரண்மனை இடிபாடுகளில் களிமண் பலகைகள் கிடைத்தன. யார் யாருக்கு எவ்வளவு எண்ணெய் அளந்து கொடுத்தார்கள் என்ற ரேஷன் கணக்கு அது. கி.மு. 592ஐச் சேர்ந்த பலகை ஒன்றில் யூதா தேசத்து ராஜா யோயாக்கீன் பெயர் இருக்கிறது, அவருடைய ஐந்து மகன்களுக்கும் சேர்த்து. 597இல் எட்டு வயது என்றால் 592இல் பதின்மூன்று. பதின்மூன்று வயதில் ஐந்து பிள்ளைகளா? பதினெட்டு என்றால் இருபத்துமூன்று ஆகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட மனைவிகள் இருந்த ராஜாவுக்கு அது நடக்கக்கூடியதுதான்.

ஆக, பதினெட்டுதான் சரி. பேத்திக்கு மார்க் இல்லை. அதைச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனால் எனக்கு விஷயம் அங்கே முடியவில்லை. எபிரெயத்தில் பதினெட்டு என்பதை எட்டு, பத்து என்று இரண்டு சொல்லாக எழுதுவார்களாம். இரண்டாவது சொல் விழுந்துவிட்டால் எட்டுதான் மிஞ்சும். இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். இராஜாக்கள் புத்தகம் அவர் மூன்று மாதம் ஆண்டார் என்கிறது. நாளாகமம் மூன்று மாதமும் பத்து நாளும் என்கிறது. வயதிலிருந்து விழுந்த பத்துதான் இங்கே வந்து உட்கார்ந்துகொண்டதோ என்று அறிஞர்கள் சிலர் சந்தேகப்படுகிறார்கள். இதை வாசித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அச்சு அசலாக எங்கள் ஆட்கள் செய்கிற வேலை! விட்டுப்போன சொல்லை ஒருவன் ஓரத்தில் எழுதிவைப்பான். அடுத்து நகல் எடுப்பவன் அதை வேறு வரியில் சேர்த்துவிடுவான்.

அந்தத் தம்பியின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரைப் பிடித்தேன். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். வேதம் பிழையற்றது என்று நாங்கள் சொல்வது மூலப்பிரதியைத்தான், பிற்கால நகல்களை அல்ல என்றார். இது அவராகக் கண்டுபிடித்தது இல்லை. 1881இல் அமெரிக்காவில் ஹாட்ஜ், வார்ஃபீல்டு என்ற இரண்டு பேராசிரியர்கள் இதை விரிவாக எழுதினார்கள். 1978இல் சிகாகோவில் கூடிய சுவிசேஷ சபைத் தலைவர்கள் 19 பிரிவுகள் கொண்ட ஓர் அறிக்கையாகவே போட்டார்கள். தேவ ஆவியின் ஏவுதல் கண்டிப்பாகச் சொன்னால் மூலப்பிரதிக்கே உரியது என்று அதில் பத்தாம் பிரிவு சொல்கிறது.

இதைக் கேலிசெய்பவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன். எங்கள் தொழிலிலும் அசலும் பதிவுப் புத்தகத்து நகலும் மாறுபட்டால் அசலைத்தான் முதலில் கேட்பார்கள். நியாயமான பேச்சு.

"சரி தம்பி, அந்த மூலப்பிரதி எங்க இருக்கு?"

"எதுவுமே மிஞ்சல ஐயா."

தாய்ப்பத்திரம் தொலைந்துபோனவர்களிடம் நான் என்ன சொல்வேன் தெரியுமா? போலீஸில் புகார் கொடு, தேடியும் கிடைக்கவில்லை என்று சான்றிதழ் வாங்கு, பேப்பரில் விளம்பரம் போடு, அப்புறம் வா. அதற்கப்புறம் எல்லா வேலையும் நகலை வைத்துத்தான் நடக்கும். அசலில் பிழையே இல்லை என்று ஒருவர் சத்தியம் செய்யலாம். அதை நம்பவும் நம்பலாம். ஆனால் அந்த அசலைக் காட்டி பதின்மூன்று வயதுப் பிள்ளையின் வாயை அடைக்க முடியாது. அவள் கையில் இருப்பது நகலின் மொழிபெயர்ப்பு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்ற ஜெர்மன் மிஷனரி புதிய ஏற்பாட்டை அச்சிட ஆரம்பித்தது 1714இல். பிறகு பப்ரிசியஸ் திருத்தினார், ரேனியஸ் திருத்தினார், பவர் ஐயர் குழு 1871இல் கொண்டுவந்ததைத்தான் இன்றைக்கும் சபையில் வாசிக்கிறோம். எங்கள் கணக்கில் அடுத்தடுத்துப் போட்ட பிழைதிருத்தல் பத்திரங்கள்.

பிழைதிருத்தல் என்றதும் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் மற்றவர் பிழையைப் பேசினால் நன்றாக இருக்காது.

1989. வில்பட்டிப் பக்கம் ஒரு பூண்டுக் காடு கைமாறியது. பழைய பத்திரத்தில் நான்கெல்லை 'ஓடைக்கு வடக்கு' என்று இருந்தது. அதாவது நிலம் ஓடைக்கு வடபுறம். நான் அவசரத்தில், புதுப்பாணியில் எழுதுகிறேன் என்று 'வடக்கில் ஓடை' என்று எழுதிவிட்டேன். அவ்வளவுதான், காகிதத்தில் நிலம் ஓடையைத் தாண்டி அந்தக் கரைக்குப் போய்விட்டது. ஏழு வருஷம் ஒருவரும் கவனிக்கவில்லை. வாங்கியவர் பாட்டுக்குச் சரியான கரையில் பூண்டு போட்டார், வெட்டினார், விற்றார். பிறகு வங்கிக் கடனுக்குப் போனபோது வக்கீல் பிடித்துவிட்டார். விற்றவர் அதற்குள் இறந்துபோயிருந்தார். வாரிசு ஐந்து பேர், அதில் ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். ஐந்து பேர் கையெழுத்தையும் வாங்கித் திருத்தல் பத்திரம் போட்டு முடிக்க நாலு மாதமாயிற்று. பஸ் சார்ஜ், சாப்பாடு, முத்திரைத்தாள் எல்லாம் என் கைக்காசு. அந்த விவசாயி என்னைத் திட்டவில்லை. "காகிதத்துல எங்க இருந்தா என்ன சாமி, பூண்டு இங்கதான முளைச்சுச்சு" என்றார். அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொல்வார். "நகல் எடுக்கிறப்ப நீ நகல் எடுக்கிறவன், நீதிபதி இல்ல." நான் தொழிலுக்கு வந்த புதிதில் சில நகல்களைக் கையால்தான் எழுதிக் கொடுப்போம். மூலத்தில் முனியாண்டிக்குக் கால் விழுந்து முனியண்டி என்று இருந்தால் நகலிலும் முனியண்டிதான். பிழை என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் கை அதை மாற்றக் கூடாது. மாற்றினால் அதன்பிறகு அந்த நகலில் எதையும் நம்ப முடியாது. எதை மூலத்திலிருந்து எழுதினான், எதைத் தன் புத்தியிலிருந்து எழுதினான் என்று யார் கண்டது?

இப்போது அந்த எட்டைத் திரும்பப் பாருங்கள். எபிரெய வேதத்தின் முழுமையான பழைய கையெழுத்துப் பிரதிகளில் ஒன்று 1008ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. லெனின்கிராட் பிரதி என்பார்கள். அதிலும் எட்டுதான். எழுதியவருக்கு இராஜாக்கள் புத்தகம் தெரியாதா? மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். அந்தப் பரம்பரை எழுத்தர்களை மசோரெத்தியர் என்பார்கள். ஒவ்வொரு புத்தகத்தின் முடிவிலும் வசனங்களை எண்ணி எழுதிவைப்பார்கள். ஆதியாகமத்துக்கு 1,534. பத்திரத்தின் கடைசியில் நாங்கள் பக்கக் கணக்கும் அடித்தல் திருத்தல் விவரமும் எழுதுவதுபோல. ஒரு சொல் தப்பாகத் தெரிந்தால் உள்ளே கைவைக்காமல், இப்படி வாசிக்கவும் என்று ஓரத்தில் மட்டும் குறிப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு எட்டைப் பதினெட்டாக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு சொல். ஒரு முறை மை தொட்டால் போதும். செய்யவில்லை. கிரேக்கத்திலும் சீரியத்திலும் சில பிரதிகளில் பதினெட்டு என்று இருக்கிறது. அங்கே யாரோ சரிசெய்திருக்கலாம், அல்லது சரியான வாசகமே தப்பிப் பிழைத்திருக்கலாம். எபிரெய எழுத்தர் தன் முன்னால் இருந்ததை எழுதினார்.

என் கட்சி இதுதான். வேதத்தில் பிழையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த எட்டு பிழை. ஆனால் அந்தப் பிழை இன்னும் அங்கேயே இருக்கிறது என்பதால்தான் மற்ற பக்கங்களை எனக்கு நம்பத் தோன்றுகிறது. எல்லாம் வழவழவென்று பொருந்தி வருகிற பத்திரக் கட்டு ஒன்றை யாராவது மேஜையில் வைத்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம். ஒரே கையெழுத்தா, ஒரே மையா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன்.

எல்லா எழுத்தரும் இப்படி யோக்கியர் என்று சொல்லவில்லை. 1 யோவான் 5:7ஐ நம் பழைய மொழிபெயர்ப்பில் பாருங்கள். பரலோகத்தில் சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று வரும். பழைய கிரேக்கப் பிரதிகளில் அது கிடையாது. எராஸ்மஸ் 1516இல் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியது, 1522 பதிப்பில் சேர்த்துவிட்டார். பதிவுச் சட்டம் 1908, பிரிவு 20: வரிக்கிடையில் சேர்த்தது, விட்ட இடம், அடித்தது, திருத்தியது எதுவானாலும் எழுதிக்கொடுப்பவர் அதில் கையெழுத்தோ சுருக்கொப்பமோ போட வேண்டும். இல்லையென்றால் அதிகாரி பத்திரத்தைத் திருப்பிவிடலாம். அந்த வசனத்தின் ஓரத்தில் யோவானின் சுருக்கொப்பம் இல்லை. திரித்துவத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. அதற்கு இந்தச் செருகல் தேவையில்லை.

செண்பகனூரில் ஒரு நண்பர், ஓய்வுபெற்ற வாத்தியார், கத்தோலிக்கர். நான் புராட்டஸ்டண்ட். அவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "எங்க ஆளுங்க இதை 1965லயே முடிச்சுட்டாங்க" என்றார். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏட்டில், நம் மீட்புக்காக இறைவன் எழுதிவைக்க விரும்பிய உண்மையை விவிலியம் பிழையின்றிக் கற்பிக்கிறது என்ற பொருளில் இருக்கிறதாம். அதற்கு முந்தைய வருஷம் வியன்னா கர்தினால் பிரான்ஸ் கோனிக் சங்கத்திலேயே எழுந்து சில இடங்களைச் சுட்டிக்காட்டினார். அதில் ஒன்று மாற்கு 2:26. தேவசந்நிதியில் வைக்கும் சமுகத்தப்பத்தைத் தாவீது சாப்பிட்டது பிரதான ஆசாரியர் அபியத்தார் காலத்தில் என்று அங்கே இருக்கிறது. 1 சாமுவேல் 21இல் அப்பம் கொடுத்தவர் அகிமெலேக்கு. அபியத்தார் அவருடைய மகன். தகப்பன் பெயர் வரவேண்டிய இடத்தில் மகன் பெயர்! பத்திர ஆபீஸில் வாரம் ஒன்று வருகிற பிழை.

வாத்தியாரின் சூத்திரம் எனக்குப் புரிகிறது. விஸ்தீரணமும் நான்கெல்லையும் முரண்பட்டால் பொதுவாக நான்கெல்லைதான் நிற்கும். சென்ட் கணக்குத் தப்பினாலும் நிலம் இன்னதுதான் என்று தெரிந்தால் போதும். ஆனால் எது மீட்புக்கு வேண்டிய நான்கெல்லை, எது வெறும் சென்ட் கணக்கு என்று யார் பிரிப்பது? "அதுக்குத்தான் திருச்சபை" என்றார். "அதுக்குத்தான் நாங்க பிரிஞ்சு வந்தோம்" என்றேன். காப்பி வந்துவிட்டது, பேச்சு பேரிக்காய் விலைக்குப் போய்விட்டது.

வீட்டில் என் மனைவிக்கு இந்த ஆராய்ச்சியே பிடிக்கவில்லை. தினமும் காலையில் நாலரைக்கு எழுந்து வேதம் வாசிப்பவள். "பிழை பிழைன்னு சொல்லாதீங்க, பிள்ளை மனசுல தங்கிடும்" என்றாள். அதே அவள்தான் போன கிறிஸ்துமஸுக்குக் குருமாவுக்கு அரைக்கும்போது, "கடுகு எல்லா விதையிலும் சின்னதுன்னு ஆண்டவர் சொன்னாரு, கசகசாவை அவருக்கு யாரும் காட்டல போல" என்று சிரித்தாள். அதற்குச் சிகாகோ அறிக்கையிலேயே பதில் உண்டு: அந்தக் கால மக்கள் பேசுகிற விதத்தில் பேசினால், எண்ணைத் தோராயமாகச் சொன்னால், அது பிழையில் சேராது என்கிறது பதின்மூன்றாம் பிரிவு. கசகசாவுக்கு அது போதும். எட்டுக்கும் பதினெட்டுக்கும் போதாது.

எங்கள் ஐயரிடமும் கேட்டேன். (சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) அவர் பழைய திருச்சபைத் தந்தையான அகுஸ்தீனைச் சொன்னார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில், வேதத்தில் முரண்பாடுபோல ஒன்று தெரிந்தால் ஒன்று பிரதி தவறு, அல்லது மொழிபெயர்த்தவன் தவறு, அல்லது எனக்குப் புரியவில்லை என்று எடுத்துக்கொள்வேன் என்று அகுஸ்தீன் எழுதியிருக்கிறாராம். நான்காவதாக ஒன்று இருக்கலாமே, எழுதியவரே தவறியிருக்கலாமே என்றேன். ஐயர் கண்ணாடியைத் துடைத்தார். "உங்க பேத்தி உங்களை மாதிரியே இருக்கா" என்றார்.

பேத்தி கேட்டுக்கொண்டதால் வினாடிவினாக் குழுவுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். மார்க் கேட்கவில்லை. ஒரே வேதத்தில் இரண்டு விடை இருக்கும் கேள்வியை எந்தப் புத்தகத்திலிருந்து என்று குறிப்பிடாமல் கேட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். பத்து நாள் கழித்து அந்தத் தம்பியே போன் செய்தார். முதல் பரிசை மாற்ற முடியாதாம். "அடுத்த வருஷக் கேள்வித்தாளை அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க ஒருதடவை பார்த்துக் குடுங்க ஐயா" என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. பேத்திக்குப் பிடிக்கவில்லை, அப்படியானால் அவள் போட்டியில் சேர முடியாதே என்று. கேள்வித்தாள் இருக்கும் நாட்களில் என் அறைக்குள் வரமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். சாட்சி அவள் பாட்டி.

அடுத்த வருஷப் பகுதி 1 சாமுவேல். நேற்றிரவு எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 13:1இல் நின்றுவிட்டேன். நம் மொழிபெயர்ப்பில் சவுல் ராஜ்யபாரம்பண்ணி ஒரு வருஷமாயிற்று என்று போகிறது. எபிரெயத்தில் இருப்பதோ, சவுல் ராஜாவானபோது ஒரு வயது, ஆண்டது இரண்டு வருஷம் என்று வருகிற ஒரு வாக்கியம். எண் விழுந்துவிட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றில் அந்த இடத்தில் வெறும் புள்ளி வைத்து விட்டிருக்கிறார்கள். எபிரெய எழுத்தர் யாரும் அங்கே ஒரு வயதைப் போட்டு நிரப்பவில்லை. சவுலின் வயதைப் பற்றிக் கேள்வி வேண்டாம் என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.